1444ல குட்டி நாடு எடுத்து ஆடணும்னா எதை எடுக்கலாம்? பைசாந்தியம், அல்பேனியா, ராகூசா, உல்ம், ரியூக்யூ

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4ங்கற கம்ப்யூட்டர் வியூக விளையாட்டுல (சுருக்கமா இயூ4) ஓட்டோமான், பிரான்ஸ், காஸ்டீல்னு பெரிய நாடுகளை ஒரு ரவுண்டு ஆடி முடிச்சவங்களுக்கு அடுத்து வர்ற ஆசை இதுதான், மேப்ல ஜூம் பண்ணாத்தான் கண்ணுக்கே தெரியற ஒரு நாட்டை எடுத்து அதை உயிரோட வெச்சிருக்கணும், முடிஞ்சா பெருசாக்கணும். ஆனா எதை எடுக்கறதுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, பாதி பேர் பைசாந்தியம்னு சொல்லுவாங்க, அதுலயும் பாதி பேர் அஞ்சாவது வருஷத்தை தாண்டியிருக்க மாட்டாங்க.

என் கணக்கு இது. நம்ம நாடு எவ்வளவு சின்னதுன்னு பாக்கறது வேஸ்ட், பக்கத்துல யாரு இருக்கான், அவனுக்கு நம்ம மேல எப்போ கண்ணு விழும், விழறதுக்குள்ள நமக்கு எத்தனை வருஷம் கிடைக்கும், இதைத்தான் பாக்கணும். ஏன்னா இந்த கேம் ஒரு விஷயத்துல சின்ன நாடுகளுக்கு ரொம்ப தாராளம். அட்மின் (நிர்வாகம்), டிப்ளோ (ராஜதந்திரம்), மிலிட்டரினு மூணு வகை பாயின்ட் மாசாமாசம் வருதில்ல, அது அடிப்படையா மூணு மூணு, அதோட ராஜாவோட திறமை பூஜ்யத்துல இருந்து ஆறு வரைக்கும், அப்புறம் நீங்க காசு குடுத்து வெக்கிற அட்வைசர் குடுக்கறது. நாட்டோட சைஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. சீனாவை ஆளுற மிங்குக்கும் அதே அடிப்படை மூணுதான், ஒத்த மாகாணம் வெச்சிருக்கிற உல்முக்கும் அதே மூணுதான். மிங் அதை நூத்துக்கணக்கான மாகாணத்துக்கு பிரிச்சுக் குடுக்கணும், நீங்க மொத்தத்தையும் ஒரே ஊர்ல கொட்டி டெவலப் பண்ணலாம். அதனால நேரம் கிடைச்சா சின்ன நாடு தானா தலையெடுக்கும். நேரம் கிடைக்குமாங்கறதுதான் கேள்வி, அதுலதான் இந்த அஞ்சும் ஒண்ணுக்கொண்ணு மாறுது.

முதல்ல பைசாந்தியம், அதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. கேம் ஆரம்பிக்கிற தேதி 1444 நவம்பர் 11. அதுக்கு முந்தின நாள்தான் வர்னா போர். போலந்து, ஹங்கேரி ரெண்டுக்கும் ராஜாவா இருந்த விளாதிஸ்லாவ் இருபது வயசுல அங்க செத்துட்டாரு, ஓட்டோமானை ஐரோப்பாவை விட்டு விரட்டலாம்னு கிளம்பின சிலுவைப்படை சிதறிப்போச்சு. அதாவது உங்களை காப்பாத்த வரவேண்டியவங்க நேத்துதான் தோத்துட்டு வீட்டுக்குப் போயிருக்காங்க, அந்த நிமிஷத்துல உங்க கையில நாட்டைக் குடுக்கறாங்க. கையில இருக்கிறது கான்ஸ்டான்டிநோபிளும் தெற்கே கிரீஸ்ல மோரியா பக்கம் கொஞ்சம் நிலமும். சுத்தி நாலு பக்கமும் ஓட்டோமான், அங்க இரண்டாம் முராத் சுல்தான், வாரிசா மெஹ்மெத் ரெடியா நிக்கிறான். நிஜத்துல அவன்தான் 1453 மே 29ல ஊரைப் பிடிச்சான், உள்ள இருந்து தடுத்தவங்க ஏழாயிரம் பேர் அளவுக்குத்தான்.

இங்க உங்களுக்கு கிடைக்கிற நேரம் சில வருஷம், அவ்வளவுதான். ஓட்டோமானை ஆடற ஏஐக்கு, அதாவது கம்ப்யூட்டருக்கு, அந்த ஊர் வேணும், நீங்க தனியா இருந்தா கண்டிப்பா வருவான். ஆனா ஏஐ ஒரு கணக்கு போட்டுத்தான் வரும், உங்க பலத்தோட உங்க கூட்டாளிங்க பலத்தையும் கூட்டிப் பாக்கும், கூட்டிப் பாத்து பயம் வந்தா வேற பக்கம் திரும்பிடும். அதனால முதல் மாசமே டிப்ளமேட்டுகளை ஹங்கேரி, போலந்து, செர்பியா, யாருக்கெல்லாம் ஓட்டோமான் ஆகாதோ அங்கெல்லாம் அனுப்பறதுதான் வேலை, எதிரிக்கு எதிரிங்கற கணக்குல உங்க மேல அபிப்பிராயமும் கொஞ்சம் கூடும். கோட்டை கட்டறதை விட ஒரு நல்ல அல்லையன்ஸ்தான் இங்க சுவர்.

சரி, அடிக்கறதுன்னா எப்படி அடிக்கறது? ஓட்டோமான் படை ஆனடோலியா பக்கம் (இன்னைய துருக்கியோட ஆசியப் பகுதி) கராமன்ங்கற நாட்டோடவோ வேற யாரோடவோ சண்டையில மாட்டியிருக்கும்போது நீங்க போரை அறிவிக்கணும், கடன் எவ்வளவு கிடைக்குமோ வாங்கி கூலிப்படையும் கேலிங்கற துடுப்புப் போர்க்கப்பலும் எறக்கணும், கப்பலை ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கிற ஜலசந்தியில நிறுத்தணும், ஐரோப்பியக் கரையில இருக்கிற கெலிபோலுவை முதல் வேலையா முற்றுகை போடணும். ஆசியாவுல இருக்கிற படை ஐரோப்பாவுக்கு தாண்டி வரமுடியலைன்னா பால்கன் பக்கம் அவன் கோட்டைங்க ஒவ்வொண்ணா விழும். இதை வெறும் கேம் ட்ரிக்குன்னு நினைக்காதீங்க, ஜலசந்தி யாரு கையிலங்கறதுதான் நிஜத்துலயும் விஷயம், அதனாலதான் மெஹ்மெத் 1452லயே பாஸ்பரஸ் கரையில ரூமெலி ஹிசார் கோட்டையைக் கட்டி முதல்ல தண்ணியைப் பூட்டினான், அப்புறம்தான் ஊர் பக்கம் வந்தான்.

பைசாந்தியத்துல எனக்கு இருக்கிற பிரச்சினை என்னன்னா, மொத்த ஆட்டமும் முதல் போர்லயே முடிவாகிடுது. தோத்தா ரீஸ்டார்ட், ஜெயிச்சா அடுத்த நூறு வருஷத்துல நீங்கதான் ஓட்டோமான், அதே நிலம் அதே வருமானம், கலர் மட்டும் ஊதா. குட்டி நாடா இருக்கிற அனுபவம் கொஞ்ச வருஷம்தான். சூதாட்டம் பிடிச்சவங்களுக்கு இது பிரமாதம், போலந்து அல்லையன்ஸ் கிடைக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப புது கேம் ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, அதை ஆட்டம்னு சொல்றதா லாட்டரி டிக்கெட் சுரண்டறதுன்னு சொல்றதா தெரியலை.

அல்பேனியா இதுக்கு தம்பி மாதிரி. அதே எதிரி, இன்னும் சின்ன நிலம், ஆனா ராஜா ஸ்காண்டர்பெக். ஓட்டோமான் அரண்மனையில பணயமா வளர்ந்து அவங்க படையிலயே அதிகாரியா இருந்துட்டு 1443 நவம்பர்ல கட்சி மாறி ஊருக்கு வந்தவரு, 1444 மார்ச்ல லெஷ் நகரத்துல சுத்துவட்டார பிரபுக்களைக் கூட்டி ஒரு கூட்டணி போட்டாரு, 1468 ஜனவரியில சாகற வரைக்கும் க்ரூயா கோட்டையை விட்டே குடுக்கலை, 1450, 1466, 1467னு மூணு முற்றுகை. அவர் போய் பத்து வருஷத்துல, 1478ல கோட்டை விழுந்துடுச்சு. கேமும் கிட்டத்தட்ட இதைத்தான் பண்ணுது, ராஜாவோட பாயின்ட் கொட்டுது, ராஜாவே தளபதி, ஆனா நாடு மொத்தமும் ஒத்த ஆளு மேல நிக்குது. சண்டைக்கு அவரையே அனுப்பினா சாவற ரிஸ்க், அனுப்பலைன்னா அவர் இருந்து என்ன பிரயோஜனம். மலையில நின்னு தடுக்கறது நல்லாத்தான் இருக்கும், ஆனா மான்பவர் (படைக்கு எடுக்க இருக்கிற ஆள் இருப்பு) ஒரு தடவை தீர்ந்தா தீர்ந்ததுதான். நிஜத்துல அவருக்கு நேபிள்ஸ் உதவுச்சு, 1451ல அரகானோட அல்ஃபோன்சோகூட ஒப்பந்தம் போட்டாரு. கேம்லயும் மேற்கே கடல் தாண்டி கூட்டாளி தேடறதுதான் வழி. பைசாந்தியத்துல ஜெயிச்சவங்க அதைவிட கஷ்டமா ஒண்ணு வேணும்னா இதை எடுக்கலாம், முதல் தடவைக்கு வேண்டாம்.

இப்போ ராகூசா. என் ஓட்டு இதுக்குத்தான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

இன்னைக்கு குரோஷியாவுல இருக்கிற டுப்ரோவ்னிக்தான் அது. வெனிஸ் கையில 1205ல இருந்து 1358 வரைக்கும் இருந்துச்சு, அப்புறம் பேருக்கு ஹங்கேரி ராஜாவுக்கு கீழ, நடைமுறையில தன் வேலையை தானே பாத்துக்கிட்ட வியாபாரிகளோட குடியரசு. வெளியூர்ல இருந்து வர்றவங்களை ஊருக்குள்ள விடாம தனியா நிறுத்தி வெக்கற சட்டத்தை 1377லயே போட்டவங்க, அதாவது குவாரன்டீன். அவங்க ரெக்டர்ங்கற தலைவர் பதவி ஒரே ஒரு மாசம்தான், எவனும் உக்காந்து ராஜாவாகிடக்கூடாதுன்னு அவ்வளவு பயம். கேம்ல அப்படியில்லை, ஒரு ஆள் சில வருஷம் இருப்பாரு, திரும்பத் தேர்ந்தெடுத்தா திறமை ஏறும், பதிலுக்கு குடியரசு பாரம்பரியம் எறங்கும், அந்த ரெண்டையும் பேலன்ஸ் பண்றதே தனி வேலை.

பால்கன்ல செர்பியா 1459ல போச்சு, போஸ்னியா 1463ல போச்சு, பக்கத்து வீடெல்லாம் ஓட்டோமான் கைக்கு போனப்போ இந்த ஊர் மட்டும் எப்படி தப்பிச்சது? கப்பம் கட்டுனாங்க. கொஞ்சம் கொஞ்சமா ஏறி வருஷத்துக்கு 12,500 டுகாட்னு நின்னுச்சு, அதுக்கு பதிலா ஓட்டோமான் நாடு முழுக்க குறைஞ்ச சுங்கத்துல வியாபாரம் பண்ற உரிமை. கட்டின கப்பத்தை விட சம்பாதிச்சது அதிகம். 1667ல பெரிய பூகம்பம் வந்து ஊரே இடிஞ்சப்போகூட குடியரசு சாகலை, கடைசியா நெப்போலியனோட படை 1806ல உள்ள வந்து 1808ல கலைச்சாங்க. ஜலசந்தி, கோட்டை, வீரம் எல்லாம் வெச்சிருந்த பைசாந்தியத்தை விட முந்நூத்தம்பது வருஷம் கூடுதலா இருந்திருக்காங்க, இதை சொன்னா பைசாந்தியம் ஃபேன்ஸுக்கு கோவம் வரும்.

கேம்ல ராகூசாவோட பலம் அதோட இடம். கான்ஸ்டான்டிநோபிள் ட்ரேட் நோட்ல (வியாபாரம் வந்து சேர்ற சந்தி) இருந்து கிளம்பற சரக்கு ராகூசா நோட் வழியா வெனிஸுக்குப் போகுது. நடுவுல நீங்க உக்காந்திருக்கீங்க. லைட் ஷிப் (சின்ன கப்பல்) கொஞ்சம் கட்டி அந்த நோட்ல ட்ரேட் காவலுக்கு விட்டா ஒத்த மாகாண நாட்டுக்கு நம்பவே முடியாத அளவுக்கு காசு வரும், அந்தக் காசுல அட்வைசர், அட்வைசரால பாயின்ட், பாயின்ட்டால டெவலப்மென்ட். பக்கத்துல இருக்கிற குட்டி நாடுங்களை ட்ரேட் லீக்ல (வியாபாரக் கூட்டணி) சேர்த்தா உங்களை அடிக்க வர்றவன் எல்லாரையும் சேர்த்து அடிக்கணும், அதுவே பாதி காவல்.

எதிரிங்கன்னு பாத்தா ரெண்டு பேர், நிலத்துல ஓட்டோமான், கடல்ல வெனிஸ். ஆனா உங்க மேல கண்ணு விழ பல வருஷம் ஆகும், ஏன்னா ஓட்டோமானுக்கு முதல்ல பைசாந்தியம், செர்பியா, போஸ்னியானு சாப்பிட நிறைய இருக்கு. அதுக்குள்ள நீங்க ஒரு பெரிய கூட்டாளி பிடிக்கணும், ஹங்கேரியோ ஆஸ்திரியாவோ, ஏன் ஓட்டோமானே அல்லையன்ஸுக்கு ஒத்துக்கிட்டா அதைவிட வேற என்ன வேணும். வரலாற்றுல இருந்த மாதிரியே கப்பம் கட்டிக்கிட்டு சுதந்திரமா இருக்கிற ஏற்பாட்டை அப்படியே ஆட்டத்துல கொண்டு வர்றது கஷ்டம், அல்லையன்ஸை வெச்சு ஒப்பேத்தணும், அது எனக்கு ஒரு குறையாத்தான் தெரியுது. வாள் தூக்கறது, வசால் (இன்னொருத்தனுக்கு அடங்கின நாடு) ஆகறது, ரெண்டுக்கும் நடுவுல நிஜ ராகூசா நின்ன மாதிரி நிக்க கேம்ல இடம் கம்மி.

விரிவாக்கம் பண்ணணும்னா இங்க பொறுமை வேணும். ஒரே போர்ல நிறைய புடுங்கினா சுத்தி இருக்கிறவங்களுக்கு அக்ரெசிவ் எக்ஸ்பான்ஷன், அதாவது நீங்க நிலம் புடுங்கறதால வர்ற கோவக் கணக்கு, ஏறும், ஒரு நாட்டுக்கு உங்க மேல அது 50ஐத் தாண்டினா அவன் கோயலிஷன்ல, அதாவது உங்களுக்கு எதிரான கூட்டணியில, சேரலாம், நாலு பேர் சேர்ந்தா போதும் கோயலிஷன் உருவாகிடும், ஒத்தை ஊர் வெச்சிருக்கிற உங்களுக்கு நாலு பேர் தேவையே இல்லை, ஒருத்தனே போதும். அதனால சின்னச் சின்னதா எடுத்து, நடுவுல ட்ரூஸ் (போர் நிறுத்த) காலத்துல காசு சேர்த்து, அப்படித்தான் போகணும். போர் பண்ண காரணம் இல்லாம நோ சிபினு குதிச்சா ஸ்டபிலிட்டி (நாட்டோட உள் நிலைத்தன்மை) ரெண்டு போயிடும், சின்ன நாட்டுக்கு அந்த ரெண்டை திரும்பக் கட்டறதுக்குள்ள நாக்கு தள்ளிடும்.

உல்ம் பத்தி சீக்கிரம் சொல்லிடறேன். இயூ4 ஆடறவங்க மத்தியில உல்ம்னாலே ஒரு ஜோக், உலகத்துல எல்லாமே கடைசியில உல்ம்ல போய்தான் முடியணும்னு கிண்டல் பண்ணுவாங்க. தெற்கு ஜெர்மனியில டான்யூப் கரையில துணி வியாபாரத்துல பணம் பாத்த சுதந்திர நகரம், 1377ல அஸ்திவாரம் போட்ட அந்த ராட்சச சர்ச் இன்னைக்கும் அங்க நிக்குது. புனித ரோமப் பேரரசுக்குள்ள ஃப்ரீ சிட்டியா இருக்கறதால யாராவது அடிச்சா சக்கரவர்த்தி, அதாவது ஆரம்பத்துல ஆஸ்திரியா, காப்பாத்த வருவாரு. இந்த அஞ்சுல முதல் நாள்ல இருந்து ஒரு பெரிய ஆளு காவல் நிக்கறது இங்கதான். ஆனா அந்த காவல் ஒத்த மாகாணத்தோட இருக்கிற வரைக்கும்தான், இன்னொண்ணை எடுத்தா ஃப்ரீ சிட்டி அந்தஸ்து போயிடும். ஆக உங்களுக்கு ரெண்டே வழி, அப்படியே ஒரே ஊரை பொன்னா வளர்த்துக்கிட்டு நானூறு வருஷம் வேடிக்கை பாக்கணும், இல்லைன்னா ஒரு நாள் தைரியமா வெளியில குதிக்கணும். பேரரசுக்குள்ள நாடுங்க நெருக்கமா இருக்கறதால கோயலிஷன் வேற கண்ணிமைக்கற நேரத்துல வந்துடும். டெவலப்மென்ட், பில்டிங், இன்ஸ்டிட்யூஷன் (மறுமலர்ச்சி மாதிரி நாடு நாடா பரவுற புது சிந்தனை) எல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு நிம்மதியா கத்துக்க இதைவிட நல்ல இடம் கிடையாது, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிருந்து ஆடவைக்கிற நாடு இது இல்லை.

ரியூக்யூ முற்றிலும் வேற ரகம். இன்னைக்கு ஓகினாவா. சுத்தியும் கடல், யாரும் அவசரப்பட்டு வரமாட்டாங்க. மூணு ராஜ்யமா இருந்ததை 1429ல ஷோ ஹாஷி ஒண்ணாக்கினாரு, கேம்ல "மூன்று மலைகள்"னு வர்ற அந்த பேர் போன அச்சீவ்மென்ட் அந்த மூணைத்தான் சொல்லுது, கேக்கறது மட்டும் ரியூக்யூவா ஆரம்பிச்சு மொத்த உலகமும் உங்ககிட்டயோ உங்களுக்கு கீழ இருக்கிறவங்ககிட்டயோ வரணும்னு. அதை விடுங்க, அது மனுஷங்க பண்ற வேலை இல்லை. சாதாரணமா ஆடறதுக்கு என்ன இருக்குன்னு பாப்போம்.

நிஜத்துல இவங்களும் ராகூசா மாதிரிதான் பொழச்சாங்க. 1372ல இருந்து மிங் சீனாவுக்கு காணிக்கை அனுப்பி, அந்த பேரை வெச்சு சீனச் சரக்கை எடுத்துக்கிட்டு மலாக்கா, சயாம், ஜாவா வரைக்கும் கப்பல் விட்டாங்க. 1458ல வார்த்த ஒரு மணியில நாங்க எல்லா நாடுகளுக்கும் பாலம்ங்கற அர்த்தத்துல எழுதியே வெச்சிருக்காங்க. அப்புறம் 1609ல ஜப்பான்ல இருந்து சத்சுமாவோட ஷிமாசு ஆளுங்க மூவாயிரம் பேர் வந்து ராஜாவைப் பிடிச்சுட்டுப் போனாங்க, அதுக்கப்புறம் ஜப்பானுக்கும் கட்டணும் சீனாவுக்கும் கட்டணும், ஜப்பான் சங்கதி சீனாக்காரங்களுக்கு தெரியக்கூடாதுன்னு தூதர் வரும்போதெல்லாம் மறைச்சு வேற வெச்சாங்க. இப்படியே 1879 வரைக்கும் ஓட்டியிருக்காங்க, கடைசியில ஜப்பான் ஒரு மாவட்டமா ஆக்கிடுச்சு.

கேம்ல மிங்குக்கு ட்ரிப்யூட்டரியா (கப்பம் கட்டற நாடா) இருக்கறது நல்ல டீல், வருஷாவருஷம் கொஞ்சம் குடுத்தா போதும், உங்க அல்லையன்ஸ், உங்க போர் எல்லாம் உங்க இஷ்டம். ஜப்பான்ல ஆஷிகாகாங்கற ஷோகுன் குடும்பத்துக்கு கீழ டைமியோக்கள் (பிரபுக்கள்) தங்களுக்குள்ள அடிச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் உங்களுக்கு பிரச்சினை இல்லை, ஒருத்தன் எல்லாரையும் முழுங்கி ஜப்பான் ஆனா அப்போ பயப்படலாம். ஆனா இங்க பிரச்சினை எதிரி இல்லை, வறுமை. ஒரு தீவு, வருமானம் சில்லறை, மறுமலர்ச்சி இன்ஸ்டிட்யூஷன் 1450 வாக்குல ஐரோப்பாவுல பிறக்கும், அது உங்ககிட்ட வந்து சேர தலைமுறை ஆகும், அதுவரைக்கும் டெக்னாலஜி விலை ஏறிக்கிட்டே போகும். இதுக்கு வழி, பாயின்ட்டை சேர்த்து வெச்சு தலைநகரை ஒரேயடியா டெவலப் பண்ணி இன்ஸ்டிட்யூஷனை அங்கேயே முளைக்க வெக்கறது. அப்புறம் எக்ஸ்ப்ளோரேஷன் ஐடியா எடுத்து தாய்வான், பிலிப்பைன்ஸ்னு குடியேற்றம். முதல் கொஞ்ச காலம் ஸ்பீடை அஞ்சுல வெச்சுட்டு டீ போட்டுட்டு வரலாம், அவ்வளவு அமைதி.

நம்ம ஊர் நாடு ஒண்ணும் கிடையாதான்னு கேப்பீங்க. 1444ல தமிழ்நாட்டுப் பக்கம் பெரும்பாலும் விஜயநகரம் கையில, அதை எடுத்தா தெற்கோட பெரியண்ணன் நீங்கதான், இந்த கட்டுரைக்கு அது செட் ஆகாது. இதே ஸ்டுடியோவோட மத்த கேம்கள்லயும் குட்டி நாடு ஆடலாம்தான், க்ரூசேடர் கிங்ஸ் 3ல டுடோரியலே அயர்லாந்துல மன்ஸ்டரோட சின்ன ராஜாவை குடுத்துத்தான் ஆரம்பிக்குது, அங்க ராஜா செத்தாலும் குடும்பத்துல வாரிசு இருந்தா ஆட்டம் ஓடும், கல்யாணம் பண்ணியே ராஜ்யம் பிடிக்கலாம். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4ல லக்சம்பர்க் எடுக்கறவங்களை பாத்தா மட்டும் எனக்கு புரியறதே இல்லை, 1936ல ஆரம்பிச்சு ஜெர்மனி வர்ற வரைக்கும் காத்திருக்கறதுக்கு ஒரு கேமா.

சரி, எதை எடுக்கறது. பெரிய நாடு மட்டுமே ஆடிப் பழகினவங்க, கோயலிஷன்னாலே குழப்பம்னு இருக்கிறவங்க உல்ம்ல ஒரு நூறு வருஷம் ஆடிட்டு மூடிடுங்க, முழுசா முடிக்கணும்னு கட்டாயம் இல்லை. ஆட்டம் ஓரளவு கைக்கு வந்தவங்களுக்கு ராகூசாதான், ஏன்னா அங்க மட்டும்தான் பயமும் இருக்கு, பயத்தை சமாளிக்க காசும் இருக்கு, யோசிக்க நேரமும் இருக்கு. வாரக் கடைசியில மூணு மணி நேரம் மட்டும்தான் கிடைக்கும், அதுக்குள்ள ரத்தம் சூடாகணும்னா பைசாந்தியம், தோத்தாலும் சீக்கிரம் தோத்துடுவீங்க, நேரம் மிச்சம். அல்பேனியா பிடிவாதக்காரங்களுக்கு. ரியூக்யூவை லேப்டாப்ல பாட்டு கேட்டுக்கிட்டே ஆடறதுக்கு வெச்சுக்கோங்க.

ராகூசா எடுத்தா அயர்ன்மேன் மோடை (இஷ்டப்படி சேவ் எடுத்து திரும்பப் போக விடாத மோடு) முதல் தடவை ஆஃப்ல வெச்சுக்கோங்க, அச்சீவ்மென்ட் வராது, பரவாயில்லை, போஸ்னியா விழற நேரத்துல ஒரு சேவ் எடுத்து வெச்சுக்கலாம். ஆரம்பிச்ச உடனே வெனிஸும் ஓட்டோமானும் யாரை ரைவலா (போட்டி நாடா) போட்டிருக்காங்கன்னு பாருங்க, ரெண்டு பேரும் உங்களை ரைவலா போடலைன்னா அந்த கேமையே தொடருங்க, எந்தப் பக்கம் டிப்ளமேட்டை அனுப்பறதுன்னு அந்த லிஸ்டைப் பாத்தே முடிவு பண்ணிடலாம்.